ரொட்டிக்கடைச் சகோதரி

"உங்க ஜெபக் குறிப்பு என்ன சிஸ்டர்?" என்று பெரிய டீச்சர் கேட்டபோது ஊசியக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

கண் திறந்துதான் இருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாகக் காலை ஆறு மணி ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தை கைவந்துவிடும். நின்றபடி தூங்கலாம், சிரித்தபடி தூங்கலாம், "விரலை மடக்கிக்கோங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே தூங்கலாம். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது கைகள். அதனால்தான் சபையில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். வீட்டில் அவளுக்குப் பெயரே கிடையாது. "என் சாக்ஸ் எங்கே", "என் மாத்திரை எங்கே", "ரிமோட் எங்கே" என்பவைதான் அங்கே அவளைக் கூப்பிடும் முறை.

பக்கத்தில் இருந்த மருந்துக்கடை சிஸ்டர் முழங்கையால் இடித்தாள். திடுக்கிட்டு விழித்த ஊசியக்காவின் தலைக்குள் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அரை மணி நேரத்துக்கு முன்னால் அவள் ஓரம் மடித்து வைத்த பக்கம்.

"ஒரு விதவை, டீச்சர். ரெண்டு சின்னப் பிள்ளைங்க. ரொட்டிக்கடை வச்சிருக்காங்க. புருஷனோட அண்ணன் கடையைக் காலி பண்ணச் சொல்லி உயிரை வாங்குறான்."

சொல்லி முடித்த பிறகுதான் முழுசாக விழித்தாள். அந்த விதவை அவள் மடியில் இருந்த பைக்குள், எழுபத்து நான்காம் பக்கத்தில் இருந்தாள்.

"பேரு?" என்றார் பெரிய டீச்சர், சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு.

"பேர் வேண்டாம் டீச்சர். தெரிஞ்சா சங்கடப்படுவாங்க."

டீச்சர் நோட்டில் 'ரொட்டிக்கடைச் சகோதரி' என்று எழுதி அடிக்கோடு போட்டார். "அடுத்த வாரம் நிலவரம் சொல்லணும்."

நிலவரம் கேட்பதில் டீச்சரை யாரும் மிஞ்ச முடியாது. முப்பத்திரண்டு வருடம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெபக் குறிப்பு கொடுத்துவிட்டு நிலவரம் சொல்லாதவர்களை வீட்டுப்பாடம் செய்யாதவர்களைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். புதன்கிழமை தோறும் நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை, ஆலயத்துக்குப் பின்பக்கத்து அறையில் பெண்கள் ஐக்கியம். டீச்சரையும் சேர்த்துப் பதினோரு பேர். வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், கடகடவென்று சுற்றும் ஒரு மின்விசிறி, சுவரோரம் ஒரு கண்ணாடி அலமாரி நிறையப் புத்தகங்கள். அறையைத் திறந்து, தூசி தட்டி, கூட்டம் முடிந்ததும் பூட்டுகிற சாவியம்மா வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். ஐந்தரைக்கு "மணி ஆச்சு" என்பார். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

அலமாரியில் இரண்டு வகைப் புத்தகங்கள் உண்டு. பெண்களுக்கான தியானப் புத்தகங்கள் ஒரு வகை, கிறிஸ்தவ நாவல்கள் இன்னொரு வகை. "நாவல் மிட்டாய். தியானப் புத்தகம்தான் சாப்பாடு" என்பது டீச்சரின் சட்டம். எல்லோரும் தலையாட்டுவார்கள். எல்லோரிடமும் இந்த வருடத்துத் தியானப் புத்தகம் இருந்தது. நாளுக்கு ஒரு பக்கம். மேலே ஒரு வசனம், நடுவில் ஒரு குட்டிச் சம்பவம், கீழே 'இன்று என் தீர்மானம்' என்று புள்ளிக்கோடு. ஆகஸ்ட் மாதம் வந்த பிறகும் ஊசியக்கா மார்ச் பதினொன்றில் நின்றுகொண்டிருந்தாள். அது இளைப்பாறுதலைப் பற்றிய பக்கம். நாலு தடவை ஆரம்பித்து நாலு தடவையும் புள்ளிக்கோட்டுக்கு வருமுன் தூங்கிவிட்டாள். ஒருவகையில் சொன்னபடி நடந்துகொண்டாள் என்றும் சொல்லலாம்.

நாவல் மட்டும் அவளைத் தூங்க விடாது. புதன்கிழமை மூன்றரைக்கே வந்துவிடுவாள். காலியான அறை, மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி, செருப்பைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் கதை. மற்ற நாட்களில் மூக்குக்கண்ணாடியைத் தேடக்கூட மாமியார் போன் பண்ணுவார். புதன்கிழமை மட்டும் மூச்சு விடமாட்டார். "அவ ஜெபத்துல இருக்கா, தொந்தரவு பண்ணாதீங்க" என்று மகனையும் பேரப்பிள்ளைகளையும் அதட்டி வைப்பார். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் அவளை யாரும் எதுவும் கேட்காத நேரம். அதுவும் போய்விட்டால் அவளுக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமைத் துணி மூட்டைதான்.

அவளுக்கென்று சொந்தமாக ஒரு கஷ்டமும் இல்லையா என்றால், இருந்தது. களைப்பு. ஆனால் அந்த வட்டத்தில் உட்கார்ந்து அதைச் சொல்ல வாய் வருமா? மருந்துக்கடை சிஸ்டருக்குத் தெரிந்த கப்பல் இன்ஜினியர் ஒருவர், விபத்தில் ஞாபகம் தப்பி, கட்டிய மனைவியையே "நீங்க யாரு?" என்று கேட்கிறார். நர்சரிப் பள்ளி மிஸ்ஸுக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, காணாமல் போன கணவனுக்காக ஏழு வருடமாகக் காத்திருக்கிறாள். பெரிய டீச்சருக்கு வேண்டிய பண்ணைக்காரர் ஒருவர், கல்மனசுக்காரர், பெற்ற மகளின் கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறார். முட்டி வலி என்று சொல்கிற இரண்டு வயதான சிஸ்டர்களைத் தவிர ஒவ்வொருவரும் சுமந்து வருவது ஒரு மலை. அதற்கு நடுவே போய் "எனக்கு அலுப்பா இருக்கு" என்றால் நன்றாகவா இருக்கும்? "எனக்கென்ன டீச்சர், நல்லாதான் இருக்கேன்" என்றே மூன்று வருடத்தை ஓட்டிவிட்டாள். நோட்டில் அவள் பெயருக்கு எதிரே வரிசையாக 'ஸ்தோத்திரம்' என்று எழுதியிருந்தது.

அடுத்த புதன்கிழமையே விஷயத்தை முடித்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் ஒரு கொள்கை வைத்துக்கொண்டாள். சொந்தமாக எதையும் இட்டுக்கட்டுவதில்லை, புத்தகத்தில் இருப்பதை மட்டும் சொல்வது. பொய்யிலும் ஒரு நேர்மை வேண்டாமா? பஸ்ஸில் நின்றபடியே அடுத்த ஐந்து அத்தியாயங்களைப் படித்தாள். மைத்துனன் கடையைப் பூட்டி, பனிப்புயலில் அவளைத் தெருவில் நிறுத்தியிருந்தான்.

"பிரச்சினை தீர்ந்துடுச்சு டீச்சர். கடையை விட்டு அனுப்பிட்டான். ஆனா நல்ல மழையில நின்னவங்களுக்கு ஒருத்தர் இடம் குடுத்துட்டார்." பனிப்புயலை மழையாக்கியதை இட்டுக்கட்டுவதில் அவள் சேர்க்கவில்லை.

"யாரு குடுத்தது?"

"ஒரு மாட்டு டாக்டர். அவர் வீட்டு மாடியில ஒரு அறை காலியா இருந்துச்சாம்."

"குடும்பத்தோட இருக்காரா?"

"மனைவி தவறி அஞ்சு வருஷம் ஆச்சு டீச்சர்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. வட்டம் ஒரு சாண் சுருங்கியது.

"வயசு என்ன இருக்கும்?" என்றாள் நர்சரி மிஸ்.

"முப்பத்தெட்டு."

"ஆளு பார்க்க எப்படி?"

"சிஸ்டர்," என்று டீச்சர் மிஸ்ஸைக் கண்டித்தார். பேனாவை இரண்டு தரம் திருகினார். பிறகு தாழ்ந்த குரலில், "சபைக்குப் போற பழக்கம் உண்டா அவருக்கு?" என்றார்.

"மனைவி போனதுலேர்ந்து போறதில்ல. கடவுள்மேல கோபமாம்."

"ஐயோ பாவம்," என்றார்கள் முட்டி வலிக்காரர்கள் உட்பட அத்தனை பேரும்.

"ஒரே வளாகம், இளம் விதவை, மனசு உடைஞ்ச மனுஷன்," என்று டீச்சர் விரல் விட்டு எண்ணினார். "இது சாதாரண ஜெபத்துல தீராது. வெள்ளிக்கிழமை எல்லாரும் உபவாசம்."

எல்லாரும் என்றால் ஊசியக்காவும்தான். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து, வந்தவர்களிடமெல்லாம் "வெறும் வயித்துலதானே வந்தீங்க?" என்று கேட்டுக் கேட்டு ரத்தம் எடுத்தாள். பத்து மணிக்கு முப்பத்தோராவது கை இரண்டு கையாகத் தெரிந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரரான பெரியவர் அவளையே உற்றுப் பார்த்தார்.

"என்னம்மா, நீதான் வெறும் வயித்துல வந்தவ மாதிரி இருக்கே," என்று எழுந்து, தன் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"வேண்டாம் ஐயா. உபவாசம்."

"யாருக்காக?"

"ஒரு விதவைக்காக."

"சொந்தமா?"

"தெரிஞ்சவங்க," என்றாள். சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பசி நிஜம், தலைசுற்றல் நிஜம், கண்ணீர்கூட நிஜம். விதவை மட்டும்தான் நிஜமில்லை.

கொள்கையைக் கைவிடுவது என்று அன்றைக்கே முடிவாயிற்று. புத்தகத்தின்படி போனால் இவர்கள் அடுத்து நாற்பது நாள் உபவாசம் என்பார்கள். மூன்றாவது புதன்கிழமை, "அவங்க வெளியூர்ல அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க டீச்சர். இனி நமக்குத் தகவல் வராது" என்று நாவலில் இல்லாத ஓர் அக்காவை உண்டாக்கி, விதவையை வண்டி ஏற்றிவிட்டாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"ரெண்டு பிள்ளைங்களோட, வெறுங்கையோடவா போனாங்க?" என்றாள் மருந்துக்கடை சிஸ்டர். அன்றைக்கு அவளுடைய கப்பல் இன்ஜினியர் மனைவியின் கையெழுத்தை அடையாளம் கண்டுபிடித்திருந்தார். அந்த மகிழ்ச்சியில் அவளுக்குக் கொடை உள்ளம் பொங்கியது. "நாம சும்மா இருந்தா அந்த ஜெபத்துக்கே மரியாதை இல்ல."

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊசியக்காவின் வீட்டுக்கு மூன்று பெட்டிகள் வந்து சேர்ந்தன. துணி, பாத்திரம், இஸ்திரிப் பெட்டி, பள்ளிக்கூடப் பை, ரொட்டி சுடுகிற தட்டுகள், ஒரு ஜோடி சிறுவர் ஷூ. இரண்டு அறை வீட்டில் பெட்டிகள் மூன்றையும் நடையில் அடுக்கியதில் கணவன் இரண்டு தரம் தடுக்கி விழப் பார்த்தான்.

"யாருக்கு இதெல்லாம்?"

"கஷ்டப்படுறவங்களுக்கு."

"அப்ப உள்ளயே வை. நாமளும் அதே ஆளுங்கதான்," என்றான், ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவன். அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடாமல் நின்று எட்டு மாதமாகியிருந்தது.

அதற்குள் மகன் ஷூவைப் போட்டுப் பார்த்துவிட்டான். அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. அவனுடைய பழைய ஷூவில் பெருவிரல் வெளியே வந்து ஒரு மாதமாயிற்று. அடுத்த சம்பளம் வரட்டும் என்று அவனுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

"சைஸ் சரியா இருக்கே. இவனே போட்டுக்கட்டுமே," என்றார் மாமியார்.

"அது தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அத்தை," என்று மண்டியிட்டு மகன் காலிலிருந்து ஷூவைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். இல்லாத பிள்ளைக்காக இருக்கிற பிள்ளையின் காலிலிருந்து கழற்றியதில் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அன்று முழுவதும் அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

இதைவிடப் பெரிய அடி நாலாவது புதன்கிழமை விழுந்தது. மூன்றரைக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால், முன்னாலேயே நாலு பேர் வந்து காத்திருந்தார்கள்.

"ஏதாச்சும் தகவல் உண்டா?" என்றாள் நர்சரி மிஸ்.

"அந்த மாட்டு டாக்டர் அவங்களைத் தேடிப் போகலியா?" என்றாள் மருந்துக்கடை சிஸ்டர்.

அப்போது போன் அடித்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் புதன்கிழமையில் மாமியார்.

"ஜெபத்துல இருப்பே, தெரியும். மனசு கேக்கல. அந்தப் பொண்ணு ஊர் போய்ச் சேர்ந்தாளா, பிள்ளைங்களுக்குச் சளி கிளி புடிக்கலியே?"

ஊசியக்கா போனை வைத்துவிட்டு மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். அரை மணி நேரம் போயிற்று, மாமியாரின் மௌன விரதமும் போயிற்று. எதைக் காப்பாற்ற இத்தனை பாடுபட்டாளோ அது கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இனி ஒரே வழிதான், கதையை முடித்துவிட வேண்டும். விதவையைக் கொன்றுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். கொன்றால் துக்கம் விசாரிக்கக் கிளம்புவார்கள், பிள்ளைகளைத் தத்தெடுக்கக்கூடத் துணிவார்கள். அதைவிட நாவலாசிரியர் முடித்தபடியே முடிப்பது பத்திரம். நாலு மணிக்கு டீச்சர் வந்து நோட்டைத் திறந்ததும் சொல்லிவிட்டாள்.

"டாக்டர் தேடிப் போய் அழைச்சிட்டு வந்துட்டார் டீச்சர். சபைக்கும் போக ஆரம்பிச்சிட்டார். கல்யாணம் நிச்சயம் ஆயிடுச்சு."

நர்சரி மிஸ் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். முட்டி வலிக்காரர்கள் இருவரும் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். டீச்சர் நோட்டில் 'பதில் கிடைத்தது' என்று எழுதி, பெரிய சரி அடையாளம் போட்டார். ஊசியக்கா ஒரு மாதத்தில் முதல் தடவையாக மூச்சை முழுசாக விட்டாள்.

"கல்யாணம் என்னைக்கு?" என்றார் டீச்சர்.

"சனிக்கிழமை. வர்ற வாரம் சனி," என்றாள். புத்தகத்தில் சனிக்கிழமை என்று இருந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப வேன் பேசிடலாம்."

"வேன் எதுக்கு டீச்சர்? தூரம்."

"எவ்வளவு தூரமா இருந்தா என்ன? இத்தனை நாள் முழங்கால் போட்டது நாம. மணமேடையில அவளைப் பார்க்காம இருக்கிறதா? பெட்டிங்களையும் அப்படியே ஏத்திக்கலாம்."

அந்த ஒரு வாரம் ஊசியக்கா தூங்கவில்லை. நின்றபடிகூடத் தூங்கவில்லை. டீச்சர் பதினான்கு பேர் உட்காரும் வேன் பேசிவிட்டார். மாமியார் ஜன்னலோர இடம் தனக்குத்தான் என்று சொல்லி, பீரோவிலிருந்து நல்ல புடவையை எடுத்து வெயிலில் போட்டார். தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? வியாழக்கிழமை காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று பார்த்தாள். அவள் படுத்தாலும் வேன் கிளம்பும், வழி கேட்டுப் போன் வரும்.

ஐந்தாவது புதன்கிழமை அவள் நாலு மணிக்குச் சரியாகப் போனாள். எல்லோரும் வந்திருந்தார்கள். மேஜைமேல் பளபளக்கும் காகிதத்தில் சுற்றிய ஒரு சுவர்க் கடிகாரம், மணமக்களுக்கு வாழ்த்து எழுதிய அட்டையோடு இருந்தது. ஊசியக்கா உட்காரவில்லை.

"டீச்சர், வேனை வேண்டாம்னு சொல்லிடுங்க."

"ஏன், கல்யாணம் நின்னு போச்சா?"

"இல்ல டீச்சர், நல்லபடியா நடந்திடுச்சு. முன்னூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல."

பையிலிருந்து நாவலை எடுத்துக் கடிகாரத்தின் மேல் வைத்தாள். அட்டைப் படத்தில் ஒரு ரொட்டிக்கடை, வாசலில் ஒரு பெண், இரண்டு பிள்ளைகள், தூரத்தில் ஒரு மாட்டோடு ஒரு மனிதர். பதினோரு பேரில் பத்துப் பேர் அந்தப் படத்தையே பார்த்தார்கள்.

"அன்னைக்குத் தூங்கிட்டேன். நீங்க கேட்டதும் படிச்சது வாயில வந்துடுச்சு. உடனே திருத்தச் சங்கடமா இருந்துச்சு. அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணா ஆயிப்போச்சு." அவள் அதோடு நிறுத்தவில்லை. "எனக்குக் கேக்க ஒண்ணும் இல்லாம இல்ல டீச்சர். களைப்பா இருக்கு. ராத்திரி படுக்கும்போது இருக்கிற களைப்பு காலையில எந்திரிக்கும்போதும் அப்படியே இருக்கு. நீங்கள்லாம் எவ்வளவு பெரிய பெரிய பாரத்தோட வர்றீங்க. அதுக்கு நடுவுல இதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. உங்களையெல்லாம் பட்டினி போட்டுட்டேன். பெட்டிங்களைத் திருப்பிக் குடுத்துடுறேன். அடுத்த புதன்கிழமையிலேர்ந்து நான் வரல."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. மருந்துக்கடை சிஸ்டர் தன் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நர்சரி மிஸ் தரையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தாள். பெரிய டீச்சர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. இவ்வளவு வெறுத்துவிட்டார்களே என்று ஊசியக்கா நினைத்துக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினாள்.

வாசலில் சாவியம்மா எழுந்து நின்றார். அவளைத் தாண்டி உள்ளே வந்து, மேஜைமேல் இருந்த நாவலை எடுத்து, அட்டையைப் புறங்கையால் துடைத்து, கண்ணாடி அலமாரியைத் திறந்து அதன் இடத்தில் செருகினார்.

"உக்காரும்மா," என்றார். "அந்த நோட்டுல இருக்கிற பதினோரு பேர்ல, முட்டி வலிக்காரங்க ரெண்டு பேரைத் தவிர மிச்ச எல்லாரும் இந்த அலமாரியிலதான் குடியிருக்காங்க, டீச்சரோட பண்ணைக்காரர் மேல் தட்டு."